வில்லங்கச் சான்றில் அப்பாவின் பெயர்

2023 அக்டோபர் 6, வெள்ளிக்கிழமை. மூன்றாவது பீரியட் முடிந்து ஆசிரியர் அறைக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தால், ஊரிலிருந்து பத்திர எழுத்தர் நாலு முறை கூப்பிட்டிருந்தார். அம்மாவின் இரண்டு முழங்காலுக்கும் ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தேனிப் பக்கம் எங்கள் பழைய ஊரில் அப்பா பேரில் இருக்கும் நாலு சென்ட் மனையை விற்க முடிவு செய்திருந்தோம். வாங்குகிறவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் ஏறிய பதிவுகளின் பட்டியல், பார்க்கச் சொல்லியிருந்தார். அது வழக்கம்தான்.

"டீச்சர், வில்லங்கம் போட்டுப் பாத்தேன். உங்க மனையில கோர்ட் ஜப்தின்னு ஒரு பதிவு ஏறியிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தை நாமே பார்க்கலாம். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன்பே பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். தாத்தா வாங்கியது, பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது, அதற்குக் கீழே 2023 பிப்ரவரி தேதியிட்டு சப் கோர்ட்டின் ஜப்தி உத்தரவு. ஒரு ஈ.பி. எண், அதாவது தீர்ப்பை நிறைவேற்றித் தரச் சொல்லும் மனுவின் எண். வாதியின் இடத்தில் இருந்த பெயரைப் படித்ததும் பன்னிரண்டு வருடம் முன்னால் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போன மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது.

இந்தக் கட்டுரையை எழுத ஒரே காரணம்தான். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த 30 நாளில் நான் என்ன செய்கிறேன் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருந்தது. அது அன்று எனக்குத் தெரியாது. இப்படி ஒரு காகிதம் உங்கள் வீட்டுக்கும் வரலாம். வந்தால், முதல் வாரத்தை அழுகையிலும் வெட்கத்திலும் கழித்துவிடாதீர்கள்.

கடன் உண்மை. 2011 ஜூனில் தங்கை கல்யாணத்துக்கு அப்பா ஒன்றரை லட்சம் வாங்கினார். புரோநோட் என்னும் கடன் உறுதிச் சீட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் குறுக்காகக் கையெழுத்து. வட்டி நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்கு வசூலுக்கு வரும் ஆளிடம் மாதம் மூவாயிரம், நாலாயிரம், தீபாவளிக்கு முந்தின மாதம் ஒன்றுமில்லை, பள்ளிக்கூடம் திறக்கும் சீசனில் ஏழாயிரம் என்று கொடுத்துக்கொண்டே வந்தார். 2013-இல் எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்து, கடையையும் மூடிவிட்டு எல்லோரும் இங்கே வந்துவிட்டோம். வந்த பிறகும் 2014 மார்ச் வரை ஊருக்குப் போகும்போதெல்லாம் கொடுத்தார். கடைசியாக 5,000 கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். புரோநோட்டைத் திருப்பி வாங்கவில்லை. "அவரு அப்படியாப்பட்ட ஆளு இல்ல" என்று அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, "போலீஸ் வருமா தாயி?" என்பதுதான். அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் தாலிச் சங்கிலி இல்லை. ஜப்தி என்றால் கோர்ட் ஊழியரான அமீனா வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவார் என்று அம்மா சின்ன வயதில் தெருவில் பார்த்திருக்கிறார். அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்கே யாராவது எங்களுக்கு இதைச் சொல்லியிருந்தால் அந்த இரவு கொஞ்சம் தூங்கியிருப்போம். கைமாற்றுக் கடன், புரோநோட்டுக் கடன் எல்லாம் சிவில் வழக்கு. போலீசுக்கு அதில் வேலை இல்லை. 1908-ஆம் வருடத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. கடன் வாங்கியவரும் அவர் மனைவி மக்களும் உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள். அம்மாவின் தாலியும், கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டியில் அப்பா இன்னும் எண்ணெய் தடவி வைத்திருக்கும் ஸ்பேனர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சம்பளத்தில்கூட முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. கடனுக்காக சிவில் சிறைக்கு அனுப்பும் வழி சட்டத்தில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், கட்ட வழியில்லாத ஏழையைக் கட்டவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் போட முடியாது, வசதி இருந்தும் மோசடி மனதோடு கட்ட மறுப்பதைக் காட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பெண்களைப் பணக் கடன் டிக்ரிக்காக, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணைக்காக, கைது செய்யவே முடியாது. இதையெல்லாம் பிறகு வக்கீல் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதி, அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அன்று இரவு இ-கோர்ட்ஸ் தளத்தில் அப்பாவின் பெயரைத் தேடினேன். நாம் எழுதும் எழுத்துக்கூட்டலில் கிடைக்காது. நாலு விதமாக மாற்றி மாற்றிப் போட்ட பிறகுதான் வந்தது. ஓ.எஸ். எண், அதாவது அசல் வழக்கின் எண், 2016-இல் தாக்கல். 2017 ஆகஸ்ட் 18-இல் எக்ஸ்பார்ட்டி டிக்ரி, அதாவது அப்பா வராமலே ஒருதலையாகக் கொடுத்த தீர்ப்பு. 2022-இல் ஈ.பி. அடுத்த வாய்தா 2023 நவம்பர் 17, விற்பனை அறிவிப்புக்கு. அதற்கு அடுத்த படி ஏலம்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பத்திர எழுத்தர் காட்டிய வக்கீல் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நான் கல்யாணத்திலிருந்து கதையைத் தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினார்.

"கடன் வாங்குனது, கட்டுனது எல்லாம் அப்புறம் டீச்சர். இப்படி ஒரு டிக்ரி இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சது எந்தத் தேதி?"

வெள்ளிக்கிழமை என்றேன். காலண்டரைப் பார்த்து நவம்பர் 5-ஐச் சுற்றி வட்டம் போட்டார்.

எதிர்த் தரப்பு இல்லாமலே கொடுத்த தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் ஆணை 13-ஆம் விதியின் கீழ் மனுப் போடலாம். அதற்குக் காலம் டிக்ரி தேதியிலிருந்து 30 நாள். ஆனால் சம்மன் முறைப்படி சார்பு செய்யப்படவில்லை, அதாவது ஆள் கையில் சேர்க்கப்படவில்லை என்றால், டிக்ரி பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள் எண்ண வேண்டும். காலவரையறைச் சட்டம் 123-ஆம் இனம். சம்மன் சரியாகச் சேர்ந்ததா இல்லையா என்பதில் எதிர்த்தரப்பு சண்டை போடும் என்பதால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவிலும் ஒரு மனுவைச் சேர்த்தே போட்டுவிடலாம் என்றார். அக்டோபர் 31-ஆம் தேதி தாக்கல் செய்தபோது அந்த மனுவில் இருந்த எண்ணிக்கை 2235 நாள். ஆறு வருடத்துக்கும் மேல். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "நாள் எத்தனைங்கிறதை விட, ஏன்ங்கிறதைத்தான் கோர்ட் பாக்கும்" என்றார்.

ஏன் என்பதற்குப் பதில் கோர்ட்டின் ஆவணக் கட்டுக்குள்ளேயே இருந்தது. நகல் மனுப் போட்டு எல்லாவற்றையும் வாங்கினோம். தீர்ப்பு ஒன்றரைப் பக்கம். பிரதிவாதி கூப்பிடப்பட்டார், வரவில்லை, வாதியின் சாட்சியமும் புரோநோட்டும் பார்க்கப்பட்டன, வழக்கு நிரூபிக்கப்பட்டது. அவ்வளவுதான். சம்மன் கொண்டுபோன ஊழியரின் அறிக்கையில் "வீடு பூட்டியிருந்தது, வாசல் கதவில் ஒட்டினேன்" என்றிருந்தது. 2016-இல். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பதிவுத் தபாலும் திரும்பியிருந்தது. பிறகு நாளிதழில் பொது அறிவிப்பு. அந்தக் கத்தரித்த துண்டை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன எழுத்தில், நகை ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவில் அப்பாவின் பெயர். அப்பா தினமும் காலையில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கும் அதே நாளிதழ்தான். ஆனால் அறிவிப்பு வந்தது மதுரைப் பதிப்பில். எங்கள் வீட்டுக்கு வருவது திருச்சிப் பதிப்பு. பிரதிவாதி கடைசியாகக் குடியிருந்த பகுதியில் ஓடும் நாளிதழில் போட்டால் போதும் என்றுதான் விதியும் சொல்கிறது. விதிப்படி எல்லாமே சரி. கேட்க வேண்டிய மனிதருக்கு மட்டும் கேட்கவில்லை.

டிக்ரி ஆகி இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து ஈ.பி. போட்டால் பிரதிவாதிக்கு மறுபடி நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதுவும் அதே பூட்டிய வீட்டுக்கே போயிருந்தது. டிக்ரியை நிறைவேற்ற 12 வருடம் அவகாசம் இருப்பதால் அவர்களுக்கு அவசரமும் இல்லை.

அந்த ஆவணக் கட்டுக்குள் என்னை அதிகம் உலுக்கியது புரோநோட்டின் பின்பக்கம். வசூல் ஆள் 2014 மார்ச்சில் "வரவு ரூ.5,000" என்று எழுதி, அப்பா கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பாவைப் பொறுத்தவரை அது ரசீது. பணம் கொடுத்தோம், கொடுத்ததை எழுதச் சொன்னோம், கையெழுத்துப் போட்டோம். ஆனால் புரோநோட்டுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலம். 2011 ஜூனில் எழுதியது 2014 ஜூனோடு காலாவதி ஆகியிருக்கும். காலம் முடிவதற்குள் பகுதித் தொகை கட்டி, அதைக் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால், காலவரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்குகிறது. காலம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது வாங்கிய அந்த ஒரு கையெழுத்தால்தான் 2016 வழக்கு உயிரோடு இருந்தது. அதற்கு முன்பு முப்பது மாதத்துக்கு மேல் கொடுத்த பணத்துக்கு ஒரு வரிகூடப் பின்பக்கத்தில் இல்லை. கொடுத்த கடனுக்குக் காலம் தவறாமல் பார்த்துக்கொள்வது கடன் கொடுத்தவரின் உரிமை. அதை நான் தப்பென்று சொல்லவில்லை. மற்ற மாதங்களை எழுதாமல் விட்டதுதான் என்னால் இன்னும் ஏற்க முடியாதது.

அப்பாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பஞ்சர் கணக்கு, டியூப் வாங்கிய கணக்கு, நடுவில் அந்த மனிதரின் பெயரைச் சுருக்கிப் போட்டுத் தேதியும் தொகையும். கூட்டினால் 1,18,000. நாமே எழுதிய கணக்கு நமக்கே சாட்சியாக அதிகம் நிற்காது என்று வக்கீல் சொன்னார். இருந்தாலும் தூக்கிப் போடவேண்டாம், பத்திரமாக வையுங்கள் என்றார்.

பிராதில் அவர்கள் கேட்டிருந்தது ஐந்து வருட வட்டி 1,80,000 சேர்த்து, வரவு 5,000 கழித்து, 3,25,000. டிக்ரியில் வழக்குப் போட்ட நாளிலிருந்து 12 சதவீதம், டிக்ரிக்குப் பிறகு 6 சதவீதம், செலவுத் தொகை. 2023-இல் நாலேகால் லட்சத்தைத் தாண்டியிருந்தது.

சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. சித்தப்பா நல்ல மனசோடுதான் சொன்னார்: "கோர்ட்டுக்கு எதுக்குத்தா அலையிறீங்க? நான் கூட்டிட்டுப் போறேன், ரெண்டு லட்சத்தக் கையில குடுத்து முடிச்சு விட்ருவோம்." அப்பாவும் தலையாட்டினார். எனக்கும் அதுதான் நிம்மதி என்று தோன்றியது. வக்கீல் அம்மாவிடம் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். டிக்ரி ஆன பிறகு வெளியே கொடுக்கும் பணத்தை, கொடுத்த 30 நாளுக்குள் கோர்ட்டில் பதிவு செய்ய மனுப் போடவேண்டும். பதிவாகாத பணத்தை ஈ.பி. கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. "அப்பா முன்னாடி பண்ண தப்பையே திரும்பப் பண்ணப் போறீங்களா?" என்று கேட்டார். இதைப் படிப்பவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மத்தியஸ்தர், மாமன் மச்சான், யார் மூலமாகக் கொடுத்தாலும் அது கோர்ட் ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும்.

நவம்பர் 17-க்கு முன்பே ஈ.பி.யை நிறுத்தி வைக்க மனுப் போட்டு, இடைக்காலத் தடை கிடைத்தது. அதற்குப் பிறகு வாய்தா வாய்தாவாக ஐந்து மாதம். ஒவ்வொரு முறையும் திருச்சியிலிருந்து விடியற்காலை பஸ். நாங்கள் ஊரில் இல்லை என்பதற்கு 2013-இல் மாற்றிய ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பை மாற்றிய தாள், என் வேலை நியமனக் கடிதம், வாக்காளர் அட்டை எல்லாம் கொடுத்தோம். சம்மன் சார்பில் சின்னக் குறை இருந்தால் மட்டும் போதாது. பிரதிவாதிக்கு வழக்கு நாள் தெரிந்திருந்தது என்று கோர்ட் கருதினால் டிக்ரியை ரத்து செய்ய மாட்டார்கள். ஆகவே எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டது அதைத்தான். அப்பா ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார், வழக்கு அவருக்குத் தெரியும் என்று.

அப்பா கூண்டில் ஏறினார். 76 வயது. கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியதை நான் பின் பெஞ்சிலிருந்து பார்த்தேன்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானே?"

"ஆமாங்கய்யா."

"கடன் வாங்கினது உண்மைதானே?"

"வாங்குனேங்கய்யா."

எங்கள் வக்கீல் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கியது.

"அப்போ கட்டணும்னு தெரிஞ்சும், வழக்கு இருக்குன்னு தெரிஞ்சும், வேணும்னே வராம இருந்தீங்க."

"கட்டணும்னு தெரியும், கட்டுனேன். வழக்கு தெரியாதுங்கய்யா. தெரிஞ்சிருந்தா வந்து, வாங்குனது இவ்வளவு, குடுத்தது இவ்வளவுன்னு இதே இடத்துல நின்னு சொல்லியிருப்பேன்."

வெளியே வந்ததும் அப்பா பயந்துபோய் வக்கீலிடம், "நான் வாங்கலன்னு சொல்லியிருக்கணுமாம்மா?" என்று கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று.

2024 ஏப்ரலில் உத்தரவு வந்தது. தாமதம் மன்னிக்கப்பட்டது. எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகை 5,000, கோர்ட்டில் டெபாசிட் 75,000, குறிப்பிட்ட தேதிக்குள் இரண்டையும் செய்தால் எக்ஸ்பார்ட்டி டிக்ரி ரத்து. தேதி தவறினால் மனு தள்ளுபடியாகிவிடும். என் வளையல்களை அடகு வைத்து மூன்றாம் நாளே கட்டினோம். டிக்ரி போனதும் அதன் மேல் நின்ற ஜப்தியும் போனது. அசல் வழக்கு மறுபடி முதலிலிருந்து. அப்பா தன் பதிலுரையைத் தாக்கல் செய்தார், எட்டு வருடம் தாமதமாக.

வழக்கை முழுதாக நடத்தியிருந்தால் ஜெயித்திருப்போமா என்று கேட்பவர்கள் உண்டு. புரோநோட்டில் கையெழுத்து ஒப்புக்கொண்டால் பணம் கைமாறியது என்றுதான் சட்டம் அனுமானிக்கும். திருப்பிக் கட்டியதை நிரூபிப்பது எங்கள் பாரம், கையில் இருப்பது ஒரு பஞ்சர் கணக்கு நோட்டு. அந்தப் பக்கம் மூத்தவர் படுத்த படுக்கையாகிவிட்டார், மகன்தான் வந்துகொண்டிருந்தார். ஒரு வாய்தாவில் அவர் அப்பாவின் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதில் இருந்த சில தேதிகள் அவர்கள் வீட்டு லெட்ஜரிலும் இருந்திருக்க வேண்டும். அடுத்த முறை அவரே லோக் அதாலத்துக்கு, அதாவது பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு, சம்மதித்தார்.

2024 டிசம்பரில் பேசி முடித்தோம். மொத்தம் 2,00,000. டெபாசிட் செய்த 75,000-ஐ அவர்கள் எடுத்துக்கொள்வது, மீதி 1,25,000-ஐ மூன்று மாதத்தில் கோர்ட் மூலம் கட்டுவது, கட்டியதும் அசல் புரோநோட்டைத் திருப்பித் தருவது. லோக் அதாலத் தீர்வுக்கு மேல் அப்பீல் கிடையாது. அவர்கள் கட்டிய கோர்ட் கட்டணமும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். முன்பு கொடுத்ததையும் சேர்த்தால் ஒன்றரை லட்சத்துக்கு 3,18,000 கொடுத்திருக்கிறோம். அதிகம்தான். ஆனாலும் அது அப்பா வாய் திறந்து பேசி, எழுதி, ஒப்புக்கொண்ட தொகை.

இந்த ஒன்றரை வருடத்தில் கோர்ட் வராந்தாவில் எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தேன். செத்துப்போன அண்ணனின் கடனுக்கு நோட்டீஸ் வந்து அழுதுகொண்டிருந்த ஒரு தம்பிக்கு எங்கள் குமாஸ்தா அண்ணன் சொன்னது: இறந்தவரின் சொத்து உன் கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு, உன் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் அதே வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வழக்கில் இருப்பவர் பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது. அந்த அறை கோர்ட் வாசலிலிருந்து இருபது அடி தூரம். கேட்டால்தான் காட்டுகிறார்கள்.

கடைசித் தவணை 2025 மார்ச்சில் கட்டினோம். புரோநோட் கைக்கு வந்தது. பணம் கட்டியது கோர்ட்டில் பதிவாகிவிட்டது, ஆனால் வில்லங்கத்தில் ஜப்தி அப்படியே நின்றது. ஜப்தி நீங்கிய உத்தரவு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதற்குத் தனியாக அலைய வேண்டும். அதையும் முடித்து, ஏப்ரல் கடைசியில் இணையதளத்தைத் திறந்தபோது ஜப்தி நீக்கம் என்று ஒரு வரி கூடுதலாக ஏறியிருந்தது. அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு அந்தப் பழைய நோட்டை எடுத்துவரச் சொல்லி, 2014-இன் கடைசி வரிக்குக் கீழே மூன்று தவணையையும் தேதி போட்டு எழுதினார். புரோநோட்டை அதே பக்கத்தில் வைத்து மூடினார்.

மனை மே மாதம் கிரயம் ஆனது. அம்மாவுக்கு ஜூனில் வலது முழங்கால் ஆபரேஷன் நடந்தது. இடது கால் தை பிறந்த பிறகு.